ஏழாவது வேட்டு

நம் பகுதியின் பாறைகள் மிகத் தொன்மையானவை, இறுகியவை, பெரும் நிலநடுக்கங்களுக்கு எளிதில் இடம் கொடாதவை என்று நான் பல ஆண்டுகள் நிலவியல் வகுப்பில் சொல்லிவந்திருக்கிறேன். அது உண்மையும்கூட. ஆயினும் அந்த வாக்கியத்தைச் சொல்லும்போதெல்லாம் என் உள்ளங்கால் தரையை ஒருமுறை அழுத்திப் பார்த்துக்கொள்ளும். மாணவர்கள் எவரும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதை அறிந்தவர்களில் மிஞ்சியிருந்தவள் என் அக்கா. அவளுடைய காரியம் முடிந்து சில வாரங்களே ஆகின்றன.

ராசிபுரத்திலிருந்து நாமக்கல் போகும் வழியில், கொல்லிமலை கிழக்கே நீலமாகத் தெரியும் மேட்டுக்காடு, மேட்டு விளைநிலம், எங்களுடையது. நான் சிறுவனாக இருந்த ஒரு கோடையில் கிணறு வற்றி அடிப்பாறை தெரிந்தது. அப்பா கிணற்றை ஆழப்படுத்த முடிவு செய்து, வெட்டுக்காரர்களை அழைத்துவந்தார். அவர்களுக்குத் தலைவரான மேஸ்திரி கட்டுமஸ்தான மனிதர், அதிகம் பேசமாட்டார். அம்மாவின் தம்பியான எங்கள் மாமா அவருக்குத் துணை நின்றார். மாமா மெலிந்த உடம்புக்காரர். வாய் மட்டும் பருமன். வேட்டுத் திரிக்கு நெருப்பு வைத்துவிட்டு மேலே வருவதும், புகை அடங்கியதும் முதலில் உள்ளே இறங்குவதும் தமக்கே உரிய பெருமைகள் என்று அவர் கேட்டு வாங்கிக்கொண்டார்.

வேலை இப்படி நடக்கும். பாறையில் குழியடித்து ஒவ்வொன்றிலும் வெடிமருந்துத் தோட்டாவைத் திணிப்பார்கள். திரிகளை வெவ்வேறு நீளத்தில் நறுக்கியிருப்பார்கள். ஆகவே வேட்டுகள் ஒருசேர வெடிக்காமல் ஒன்றன்பின் ஒன்றாக வெடிக்கும், எண்ணுவதற்கு வசதி. திரிகளைப் பற்றவைத்த மாமாவை இரும்புக் கூடையில் மேலே இழுப்பார்கள். கற்கள் பறக்காதிருக்கக் கிணற்றின் வாயைப் பனைமரத் துண்டுகளாலும் முள்ளாலும் மூடிவிட்டு, எல்லோரும் காட்டின் மறுகோடிக்கு ஓடிவந்து நிற்பார்கள். மேஸ்திரி உரக்க எண்ணுவார். எண்ணிக்கையில் ஒன்று குறைந்தால் மறுநாள் காலைவரை கிணற்றருகே எவரும் போகக் கூடாது. ஈரம் பட்ட திரி அணைந்ததுபோலக் கிடந்து, வெகுநேரம் கழித்தும் தோட்டாவைத் தொட்டுவிடும். இது எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கும் தெரிந்த பாடம்.

காட்டின் மறுகோடியில் ஓர் அகன்ற பாறை தரையோடு தரையாகக் கிடந்தது. அக்காவும் நானும் அதன்மேல் குப்புறப் படுத்துக்கொள்வோம். அவள் உள்ளங்கையைப் பாறையில் பதித்துக் கண்ணை மூடுவாள். "இப்ப" என்பாள். மறுகணம் வேட்டுச் சத்தம் கேட்கும். ஒருமுறைகூடத் தவறியதில்லை. நடக்கவிருப்பதை அறியும் ஆற்றல் அவளுக்கு உண்டு என்று நான் முடிவுகட்டியிருந்தேன். மழை வருமா, வாத்தியார் நாளைக்கு அடிப்பாரா என்றெல்லாம் அவளிடம் கேட்டுவைத்துக்கொள்வேன். அவளும் தயங்காமல் விடை சொல்வாள். பாதி பொய்த்துப்போகும். என் நம்பிக்கையில் குறை இருப்பதே அதற்குக் காரணம் என்று விளக்கிவிடுவாள். எனக்கும் அது நியாயமாகவே பட்டது.

நான் சொல்லவந்த நாளில் ஏழு திரிகள். மாலை நேரம். மலைப்பக்கம் மேகம் கறுத்துக்கொண்டிருந்தது. மழை இறங்குமுன் உடைந்த கல்லை மேலேற்றிவிட வேண்டும் என்று மேஸ்திரி பரபரத்தார்; மறுநாள் அவர்களுக்கு வேறோர் ஊரில் வேலை இருந்தது.

ஆறு வேட்டுகளுக்கும் அக்கா "இப்ப" என்றாள். ஆறுக்கும் மேஸ்திரியின் குரல் எண்ணியது. பிறகு ஓர் இடைவெளி. கடைசிக் குழி ஆழமானது, அதற்குத் திரி நீளம் என்று மாமா சொல்லிக்கொண்டிருந்தார். அப்போதுதான் அது வந்தது.

அதைச் சத்தம் என்று சொல்வதா என்பதில் இன்றும் எனக்கு ஐயம் உண்டு. ஓர் இடி. ஆனால் வானத்திலிருந்து அல்ல. அதே கணத்தில், கனத்த வண்டி ஒன்று என் வயிற்றுக்கடியில் உருண்டு போனதுபோல் பாறை நடுங்கியது. பாறைமீதிருந்த பொடிமணல் எறும்புச் சாரைபோல் நகர்ந்தது. கட்டியிருந்த எருதுகள் கயிற்றை இழுத்துக்கொண்டு பின்வாங்கின. பனைகளிலிருந்து காக்கைகள் ஒருசேர எழுந்தன, ஒன்றும் கரையவில்லை. அதுவரை என் உலகத்தில் எல்லாமே அசையக்கூடியவை. தரை ஒன்றுதான் அசையாதது. விழுந்தால் தாங்குவது அது. அதைப் பிடித்துக்கொள்ள நினைத்தேன். கைக்குக் கீழே இருந்ததும் அதுதான். என் கால்சட்டை நனைந்துவிட்டதைச் சற்றுப் பின்னரே அறிந்தேன்.

"ஏழு" என்றார் மேஸ்திரி. மாமா கைதட்டினார். ஆழக்குழி வேலையைக் காட்டிவிட்டது என்று எல்லோரும் மகிழ்ந்தார்கள். அக்கா மட்டும் பாறையிலிருந்து கையை எடுக்கவில்லை. இம்முறை அவள் "இப்ப" என்று சொல்லவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"அது நம்ம வேட்டு இல்லடா" என்றாள், என்னைப் பார்க்காமல்.

பனைத்துண்டுகளை அகற்றிப் புகை அடங்கும்வரை காத்திருந்தார்கள். கூடை வடத்தில் கட்டப்பட்டுக் கிணற்று விளிம்பில் தயாராக இருந்தது. மாமா தலைப்பாகையை இறுக்கிக்கொண்டு கடப்பாரையை எடுத்தார். அக்கா ஓடிப்போய், ஏழாவது இன்னும் வெடிக்கவில்லை என்று சொன்னாள். மேஸ்திரி சிரித்துக்கொண்டார்.

"எங்காது வேட்டுலயே வளந்த காது பாப்பா. ஏழும் கேட்டுது."

"சத்தம் கேட்டுதுங்க. அது கெணத்துலிருந்து வரலீங்க."

"பொறவு எங்கிருந்து, உன்ற பள்ளிக்கூடத்துலிருந்தா?" என்றார் மாமா.

அப்பா அவளை அக்கட்டால் தள்ளிப் போகச் சொன்னார். அவள் போகவில்லை. விளிம்பிலிருந்து எட்டி, கூடைக்குள் இறங்கி உட்கார்ந்துகொண்டாள். கூடை ஊசலாடிக் கிணற்று வாயின் நடுவே போய்த் தொங்கியது. வடத்தைப் பிடித்திருந்தவர்கள் திடுக்கிட்டுக் காலை ஊன்றிக்கொண்டார்கள். அவளுக்குக் கீழே புகை இன்னும் இழைந்துகொண்டிருந்தது.

"சந்தைக்குத் தூக்கிட்டுப் போறதுக்கு இது கோழிக்கூடை இல்ல. எந்திரி புள்ள" என்றார் மாமா. அவள் கம்பிகளை இரு கைகளாலும் பற்றிக்கொண்டாள். இழுத்து வெளியேற்ற முயன்றால் கூடை கவிழும் என்பதால் ஒருவரும் நெருங்கவில்லை.

அப்பா சினத்தை அடக்கிக்கொண்டு, எதை வைத்துச் சொல்கிறாய் என்று கேட்டார். அவள் ஒருமுறை என்னைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்.

"கல்லுல கைய வெச்சா மொதல்ல கைக்குத் தெரியுமுங்கப்பா. சத்தம் அப்பறந்தான் வரும். அத வெச்சுத்தான் தம்பிய ஏமாத்திட்டிருந்தேன். இந்தத் தடவ கைக்கும் காதுக்கும் ஒண்ணாத்தான் வந்துது."

மேஸ்திரி வானத்தைப் பார்த்தார். அப்பா யோசித்தார். அவர் என்ன சொல்லியிருப்பாரோ தெரியாது. அந்நேரம் மேற்குத் தோட்டத்து அம்மாள் வரப்பில் விரைந்து வந்தார். அவருடைய வீடு ஓடைக்கு அப்பால், வெகுதூரத்தில் இருந்தது. சண்டைக்கென்றே முந்தானையைச் செருகிக்கொண்டு வந்திருந்தார்.

"ஏனுங்க, வேட்டு வெக்கறதுன்னா உங்க கெணத்துக்குள்ள வெச்சுக்கோணும். எங்கூட்டு அடுப்படியில எதுக்குங்க வெக்கறீங்க? அடுக்கியிருந்த மொடா, பானை பூராவும் உருண்டு ஒடஞ்சு கெடக்குது."

"எங்க வேட்டு ஓடையத் தாண்டி நடந்தே வந்துதுங்களா?" என்று மாமா கேட்டார். வெட்டுக்காரர்கள் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை.

"அதுக்கு முந்தின ஆறும் உங்களுக்குக் கேட்டுதுங்களா?"

"ஆறா? ஒண்ணுதானுங்க வந்துது. ஊட்டையே உலுக்கிப்போட்டுது."

அப்பா எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். ஓடைக்கு இப்பால், கிணற்றுக்கு அவ்வளவு அருகிலிருந்த எங்கள் வீட்டில், அந்தக் கோடை முழுக்க வேட்டு வைத்தும் ஒரு சொம்புகூட உருண்டதில்லை. அவர் வடத்தைத் தாமே பிடித்து, கூடையை மெல்ல விளிம்புக்கு இழுத்தார். அக்காவைத் தூக்கி இறக்கினார். இன்று யாரும் இறங்க வேண்டாம் என்றார். சிறிது நேரத்தில் மழை தொடங்கியது. அன்று சோற்றுக்கு உட்கார்ந்தபோதுகூட நான் சுவரில் சாயவில்லை. சுவரும் தரையில்தானே நின்றிருந்தது.

வேறோர் ஊருக்குப் போவதைத் தள்ளிப்போட்டுவிட்டு, காலையில் மேஸ்திரி தனியாக இறங்கினார். மாமாவை வர விடவில்லை. வெகுநேரம் ஓசையில்லை. பிறகு வடம் அசைந்தது. மேலே வந்தவர் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். சொம்பைக் கீழே வைத்துவிட்டு, "இருக்குதுங்க" என்றார். ஆழக்குழியின் திரி பாதி எரிந்து நின்றிருந்தது. உடைகல் அதன்மேல் சரிந்து மூடியிருந்தது. முந்தைய மாலை மாமா கடப்பாரையை ஊன்றியிருக்கக்கூடிய இடம் அதுவே. மாமா எடுத்த பீடியைப் பற்றவைக்காமல் மடியில் செருகிக்கொண்டார். "கோழிக்கூடைதான் போலிருக்குது. கோழிதான் வேற" என்றார். ஒருவரும் சிரிக்கவில்லை.

மேஸ்திரியின் காதில் தவறில்லை என்பதைப் பின்னாளில் படித்தறிந்தேன். வடக்கு நோக்கி நகரும் நம் நிலத்தட்டு இமயத்தின் அடியில் முட்டி நிற்கிறது. அந்த இறுக்கம் இங்குள்ள பழம்பாறைகள் வரை பரவியிருக்கிறது. என்றோ விரிந்து மூடிய பிளவு ஒன்று அதைத் தாளாமல் அரிதாகச் சற்று வழுக்கும். ஆழம் குறைந்த இடத்தில் வழுக்கினால் அந்த அதிர்வு காலடி நிலத்திலிருந்தே காற்றுக்குள் ஏறி வேட்டைப்போல் ஒலிக்கும். கிணற்று வேட்டின் அதிர்வோ பாறை வழியே முந்திவர, ஓசை காற்றின் வழியே பின்தங்கி வரும். அந்த வேற்றுமையைக் கொண்டுதான் அக்கா இரண்டையும் பிரித்தறிந்தாள். பிளவு எப்போது வழுக்கும் என்பதை எங்கள் கருவிகள் இன்றுவரை முன்கூட்டிச் சொன்னதில்லை.

அன்று எனக்கு இவை ஒன்றும் தெரியாது. எல்லோரும் அவளைக் கொண்டாடினார்கள். நான் மட்டும் விலகி நின்றேன். நடக்கவிருப்பதை அறிந்தவள் ஒருத்தி வீட்டில் இருக்கிறாள் என்ற துணிவில் வாழ்ந்திருந்தவன் நான். அவள் அதை எல்லோர் முன்னிலையிலும் வெறும் ஏமாற்று என்று சொல்லிவிட்டாள். நிலம் மறுபடி எப்போது நடுங்கும் என்று இனி யாரிடம் கேட்பது? மேஸ்திரி பக்கத்தில் புதிய குழியடித்து அந்த வேட்டை வெடிக்கவைத்து அழித்தபோது, அவள் பாறையில் என் அருகே படுத்து, வழக்கம்போல், "இப்ப" என்றாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அவள் இறந்தபின் இதை அடிக்கடி எண்ணிப்பார்க்கிறேன். அன்று மாலை கிணற்றைச் சுற்றி நின்றவர்கள் எல்லோரும் உள்ளே ஒன்றும் மிச்சமில்லை என்று நம்பினார்கள்; அந்த நம்பிக்கையோடுதான் விளிம்பில் நின்றார்கள். உயிருள்ள வேட்டு ஒன்று அடியில் கிடக்கிறது, எந்தக் கணத்திலும் வெடிக்கும் என்று நம்பியவள் அவள் ஒருத்தி மட்டுமே. அதற்கு நேர்மேலே போய் உட்கார்ந்தவளும் அவள்தான்.