முளைகளுக்கு நடுவே ஒரு சென்ட்

1946 மார்கழியில், கங்காதர நெல்லூர்ப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் ஜீவரத்தினத்தின் வீட்டு முன்னால் நான் சைக்கிளை நிறுத்தியபோது, அவர் ஊரில் இல்லை என்று அவர் மனைவி தபீதாள் சொன்னாள். அவர் வைக்கோல் போருக்குப் பின்னால்தான் நின்றிருந்தார், கால் தெரிந்தது. என் கால்சட்டையையும் காகிதக் கட்டையும் பார்த்து, ஜப்தி செய்ய வந்த அமீனா என்று நினைத்துவிட்டார்களாம்.

நான் விளைச்சலை மதிப்பிட வந்தவன். எங்கள் ஊரில் முதன்முதலில் பி.ஏ. தேறியவன், அதுவும் பொருளாதாரத்தில். அதுவரை கர்ணம் வரப்பில் நின்று பார்த்து, பதினாறணாவை முழு விளைச்சலாக வைத்து, பயிர் பத்தணா, பன்னிரண்டணா என்று எழுதியதுதான் நாட்டின் விளைச்சல். இப்போது புது முறை வந்திருந்தது. ஊருக்கு ஒரு வயலைச் சீட்டுக் குலுக்கி எடுத்து, அதில் ஒரு சென்ட் இடத்துக்கு முளையடித்து, அறுப்பன்று அதை மட்டும் தனியே அறுத்து நிறுக்க வேண்டும். அந்த ஊருக்கு விழுந்த சீட்டு ஜீவரத்தினத்தின் ஒரு ஏக்கர். அவர்களுக்கு வருஷச் சாப்பாடும் அடுத்த போகத்து விதையும் அதிலிருந்துதான்.

விஷயம் தெரிந்து ஜீவரத்தினம் வெளியே வந்ததும், அவரிடம் அன்று நான் தேவைக்கு மேல் பேசினேன். ஓராண்டில் நாட்டில் விளைந்தது, நெய்தது, செய்தது எல்லாவற்றுக்கும் விலை போட்டுக் கூட்டித் தலைக்கு வகுத்தால் நாட்டின் வருமானம் தெரியும், அதில் பாதி நிலத்திலிருந்து வருகிறது, அந்தப் பாதியை இந்த மாதிரி முளைகளுக்கு நடுவேதான் அளக்கிறோம் என்றேன். சுயராஜ்யம் வந்ததும் மற்ற நாடுகள் நம்மை அந்த எண்ணை வைத்துத்தான் எடைபோடும் என்றும் சொல்லிவைத்தேன். அவர் ஒன்றே ஒன்று கேட்டார்.

"கம்மியா வந்துச்சினா நம்ம நாட்ட ஏழைன்னு எழுதிப்புடுவாங்களா சார்?"

ஆமாம் என்றேன்.

அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. தை பிறந்து நான் போனபோது வயல் முழுக்க மணி பிடிக்காமல் சாவியாகி வெளுத்திருந்தது. முளைகளுக்கு நடுவே மட்டும் கதிர் முற்றித் தலைசாய்ந்து நின்றது. ஏன் இப்படி என்று கேட்டேன்.

"நம்ம நெலத்தாலயா நாட்டுக்குக் கொறவு வரணும்? கெணத்துல ஊறினதயெல்லாம் கொடத்துல எடுத்தாந்து இதுக்கே ஊத்திக்கினு இருந்தோம் சார்," என்றார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

அந்த ஒரு சென்ட் நெல் தராசில் இருபது ராத்தல் நின்றது. சுற்றிலும் சாவி என்று குறிப்பில் ஒரு வரி எழுதியிருக்கலாம். எழுதினால், நிலக்காரனிடம் வாயைவிட்டுச் சோதனையைக் கெடுத்தவன் என்ற பெயர் எனக்கு வரும். வேலையில் சேர்ந்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது. குறிப்பை வெறுமையாக விட்டேன்.

கட்டாய நெல் கொள்முதல் நடந்த காலம் அது. என் இருபதை நூறால் பெருக்கி, ஏக்கருக்கு இரண்டாயிரம் ராத்தல் என்று ஊர் முழுவதற்கும் சர்க்காரில் விகிதம் போட்டுவிட்டார்கள். ஜீவரத்தினம் தூற்றி எடுத்தது எழுநூறு. அதில் அறுநூறை அளந்துகொண்டு போனார்கள். விதையை மட்டுமாவது விடும்படி தபீதாள் கேட்டிருக்கிறாள், விடவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு அவர் போனபோது, பக்கத்து வயல் கிருபானந்தம், "நாட்டுக்கே படியளந்தவரு வராரு, எடம் வுடுங்கப்பா," என்றாராம். அதற்குப் பிறகு அவர் கோயிலுக்குப் போகவில்லை.

செய்தி எட்டி, சித்திரையில் போனேன். நடந்ததையும், நான் எழுதாமல் விட்டதையும் சொன்னேன்.

"நீங்க இன்னா பண்ணுவீங்க சார், தராசுல இருபதுதான வந்துச்சி," என்றார் ஜீவரத்தினம்.

தபீதாள் என்னைப் பார்க்காமல் அவரிடம் சொன்னாள்: "வெவசாயி ஊட்டுப் புள்ளதான அது. வயல பாத்தாலே இன்னா வெளையும்னு தெரிஞ்சிருக்கும்."

தெரிந்துதான் இருந்தது.

அந்த எண்ணைத் திருத்தும்படி மேலே எழுதினேன். அட்டவணை மொத்தக் கூட்டலில் சேர்ந்துவிட்டது, இனி எடுக்க முடியாது என்று பதில் வந்தது.

ஜீவரத்தினம் இப்போது திருப்பதி ரயிலடியில் கூட்ஸ் மூட்டை தூக்குகிறார். தபீதாள் சித்தூரில் அக்காள் வீட்டில் இருக்கிறாள். விதை இல்லாமல் நிலம் தரிசாகக் கிடக்கிறது.