இடது பக்கம் அக்கா

எங்கள் எஸ்டேட் லயத்து வீட்டில் கீபோர்டுக்கு முன்னால் ஒரே ஒரு பெஞ்சுதான். இடது பக்கம் அக்கா, வலது பக்கம் நான். அப்பா எஸ்டேட் லாரி ஓட்டியவர். தேயிலை இறக்கக் கோயம்புத்தூர் போன இடத்தில், ஒரு பாட்டுக்குழு கழித்துப் போட்ட கீபோர்டை வாங்கி, கம்பளியில் சுற்றி தேவிகுளத்துக்குக் கொண்டுவந்துவிட்டார். வந்த அன்றே எனக்கும் அக்காவுக்கும் சண்டை. அம்மா வந்து கீபோர்டின் நடுவில் ஒரு குங்குமப் பொட்டு வைத்து, "அந்தப் பக்கம் அவளுக்கு, இந்தப் பக்கம் உனக்கு. இனிமே சத்தம் வந்துச்சு, அடுப்புல போட்ருவேன்" என்றாள். சத்தம் வராமல் கீபோர்டு எப்படி வாசிப்பது என்று கேட்க எங்களுக்குத் தைரியமில்லை.

பங்கு பிரித்தது அந்தக் கருவிக்கு நன்றாகவே பொருந்திப்போனது. தாளத்தைத் தானே வாசிக்கும் வகை அது. இடது பக்கம் மூன்று கட்டைகளைச் சேர்த்து ஒரு கார்டாக, அதாவது ஒரு சுரக்கூட்டாக, அழுத்தினால் போதும், டிரம்ஸ், பாஸ், கிட்டார் எல்லாம் உள்ளேயிருந்து கிளம்பிவிடும். விரல்கள் அடுத்த கார்டுக்கு மாறினால் மொத்தக் குழுவும் பின்னாலேயே மாறும். அது அக்காவின் ராஜ்யம். மெட்டு மட்டும் என்னுடையது. எஸ்டேட் கோயில் திருவிழாவில் நாங்கள் வாசித்தால் எல்லோரும் என்னைத்தான் பாராட்டுவார்கள். அக்காவுக்கு அதில் துளி வருத்தம் கிடையாது. "ஏட்டி, நான் கைய எடுத்தா நீ அம்போதான். ஞாபகம் வச்சுக்க" என்று மட்டும் சொல்வாள்.

பிறகு அவளைக் கிழக்குப் பாலக்காட்டில் தென்னந்தோப்பு வைத்திருந்த ஒரு விவசாயிக்குக் கொடுத்தார்கள். எங்கள் வீடு கொஞ்சம் ஊமையானது. கல்யாணமான வேகத்தில் அக்காவின் பேச்சும் அந்தப் பக்கத்துக் கொங்குத் தமிழாக மாறிவிட்டது. 'ஏட்டி' போய் 'அம்மிணி' வந்தது. போனில் அவள் 'வாங்க, போங்க' என்று பேசும்போது யார் வீட்டுக்கோ கூப்பிட்டுவிட்டோமோ என்று எனக்குத் தோன்றும். கீபோர்டு அடுத்தடுத்த மழைக்காலங்களில் ஈரம் ஏறிச் செத்துப்போனது. அதற்காக நான் அழுதேன். அக்கா போனதற்கும் சேர்த்துத்தான் அழுதிருப்பேன்.

போன வருஷம் அக்காவுக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சும் நடையும் தேறிவிட்டன, இடது கை தேறவில்லை. விரல்களுக்கு வேலை கொடுத்துக்கொண்டே இருந்தால் திரும்ப வரலாம், சும்மா வைத்திருந்தால் அப்படியே போய்விடும் என்று டாக்டர் சொல்லி, பிசைய ஒரு பந்து கொடுத்திருந்தார். பந்து ஜன்னலில் கிடந்தது, கை முந்தானைக்குள் கிடந்தது. "சொன்னாக் கேக்க மாட்டேங்கறா அம்மிணி. இனி எனக்கெதுக்கு இந்தக் கைங்கறா" என்று அத்தான் போனில் சொன்னபோது அவர் குரல் உடைந்திருந்தது.

அந்தச் சமயத்தில்தான் நான் டிஜிட்டல் பியானோ வாங்கப் பாலக்காடு போய் அக்கா வீட்டில் இறங்கினேன். மூணாறில் நான் வேலை பார்க்கும் விடுதியின் முன்கூடத்தில் ஒன்று இருக்கிறது. வருகிறவர்கள் வாசிப்பதைப் பார்த்துப் பார்த்து எனக்குள் ஆசை ஊறிக்கிடந்தது. "நீ தனியாப் போனீன்னா உன்ற தலையில எதையாச்சும் கட்டீருவாங்க" என்று அக்காவும் கூடவே கிளம்பிவிட்டாள்.

கடையில் பியானோவும் எங்கள் பழைய வகைக் கீபோர்டும் வரிசையாக இருந்தன. "சேச்சி, அது கல்யாணக் கச்சேரிக்கு. பியானோதான் ஒரிஜினல்" என்றார் கடைக்காரர். தாளம் போடும் கீபோர்டை அவர் கண்ணாலேயே ஒதுக்கிவிட்டார். உண்மையைச் சொன்னால் எனக்கும் அதே எண்ணம்தான். பியானோவின் கட்டைகளில் நல்ல கனம் இருந்தது. மெல்லத் தொட்டால் மெல்லப் பேசியது, ஓங்கித் தட்டினால் அதிர்ந்தது. பெடலை மிதித்தால் சத்தம் கரையாமல் நின்றது. நான் சொக்கிப்போனேன்.

"இடது கையும் வாசிக்கலாமே சேச்சி?" என்றார் அவர். என் இடது கை மடியில் கிடந்தது. அதற்கு ஒன்றும் தெரியாது. எனக்குத் தெரிந்த இடது கை அக்காவுடையது.

"இங்க வந்து உக்காரு" என்றேன் அக்காவிடம். என்ன நினைத்தாளோ, வந்து உட்கார்ந்தாள். முந்தானையை விலக்கிக் கையை எடுத்து வைத்து, ஒரு விரலால் அழுத்தினாள். கட்டை மெதுவாக உள்ளே போனது. சத்தம் வரவில்லை. இன்னொரு தடவை அழுத்தினாள், அப்போதும் இல்லை. பியானோவைக் கொஞ்சமாவது வேகத்தோடு அடிக்க வேண்டும், அமுக்கினால் அது வாய் திறக்காது. அக்கா கையைத் திரும்ப முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள்.

இத்தனை விலை, இத்தனை கௌரவம், ஒரு விரலுக்கு இரங்கத் தெரியவில்லையே அதற்கு. அக்காவைப் பிடித்து இழுக்காத குறையாக அந்தக் கல்யாணக் கச்சேரிக் கீபோர்டுக்கு முன்னால் உட்காரவைத்தேன். "ஒத்த விரலுக்கே கார்டு வர்ற மாதிரி வைங்க" என்றேன் கடைக்காரரிடம். அவர் பொத்தான்களைத் தட்டினார்.

"வேண்டாம் அம்மிணி, போலாம்" என்றாள் அக்கா.

"ஒரு தடவை."

விரலை வைத்தாள். அமுக்கினாள் என்றுகூடச் சொல்ல முடியாது. டிரம்ஸ் விழுந்தது, பாஸ் எழுந்தது, கிட்டார் சேர்ந்துகொண்டது. மொத்தக் குழுவும் அந்த ஒரு விரலுக்காகக் காத்திருந்ததுபோல் கிளம்பிவிட்டது. திடுக்கிட்டு விரலை எடுத்தாள். குழு நிற்கவில்லை. விரல் தடவிக்கொண்டே நகர்ந்து அடுத்த கட்டைக்குப் போனது. குழுவும் கூடவே போனது. அக்காவின் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை, பார்க்காமலும் இருக்க முடியவில்லை.

"என்னட்டி பாத்துக்கிட்டு நிக்க? வாசிட்டி!"

ஓடிப்போய் வலது பக்கம் உட்கார்ந்தேன். கடைக்காரர் பில் போடப் பேனாவை எடுத்து, "எது வேணும் சேச்சி?" என்றார். பதில் சொல்ல எனக்கு நேரமில்லை. அக்கா அடுத்த கார்டுக்கு மாறிவிட்டாள்.