ராகு காலத்தில் ஒரு மானிய விண்ணப்பம்

இத்தாலியில் நான் வேலை செய்யும் லிபெர்த்தா வீதி வீட்டு எசமானி, சிஞ்ஞோராவுக்கு மலைப்பக்கத்தில் கோதுமை நிலம் இருக்கிறது. அறுபது வயதான இத்தாலியக் கமக்காரர் ஒருவர் அதைக் குத்தகைக்கு எடுத்து விதைக்கிறார். அரசாங்கம் கோதுமைக்குக் கொடுக்கும் மானியம் அவருக்கே சேரும். ஆனால் சிஞ்ஞோரா கையெழுத்து வைத்த குத்தகைப் பத்திரம் இல்லாமல் விண்ணப்பத்தை எடுக்கமாட்டார்கள். சிஞ்ஞோரா மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வியாழக்கிழமை பின்னேரம்தான் வீட்டுக்கு வந்தார், வந்ததும் கையெழுத்து வைத்தார். வெள்ளி மதியம் பன்னிரண்டு மணியோடு விண்ணப்பக் காலம் முடிகிறது.

கமக்காரர் தொலைபேசியில் சொன்னார்: "இந்தமுறை மழை இல்லை. பயிர் முழங்காலுக்குக்கூட வரேல்லை. மானியமும் வராட்டி நிலத்தை விட்டிடுவன்." மக்வேதா வீதிக்குப் பக்கத்தில் உள்ள அலுவலகத்தில் ஒன்பது மணிக்கே வந்து வரிசையில் நிற்பதாகவும், பதினொன்றுக்குள் பத்திரத்தைக் கொண்டுவரும்படியும் கேட்டார்.

வெள்ளி ராகு காலம் பத்தரை முதல் பன்னிரண்டு வரை. வதிவிட அனுமதியான பெர்மெஸ்ஸோவைப் புதுப்பிக்கப் போனபோதுகூட நான் அந்த நேரத்தில் படி இறங்கியதில்லை. பத்தரைக்கு முன்னரே கிளம்பலாமென்றால், சிஞ்ஞோராவின் காயத்துக்கு மருந்து கட்டும் நேர்ஸ் பத்து மணிக்குத்தான் வந்தார். அவர் முடிக்கும்வரை நான் நிற்க வேண்டும். ஆகவே எங்கள் வீடுகளில் செய்வதைச் செய்தேன். கெட்ட நேரம் தொடங்குமுன் கொண்டுபோக வேண்டிய பொருளை வேறொருவர் இடத்தில் வைத்துவிட்டால், பயணம் தொடங்கியதாகக் கணக்கு. பத்து இருபதுக்கு, பத்திரம் இருந்த நீலக் கோப்பைக் கீழே வாசற்காவலரின் கண்ணாடிக் கூண்டில் வைத்தேன்.

"ஏன், மேலை வைச்சால் ஓடிப்போயிடுமோ?" என்று அவர் சிரித்தார்.

பத்து ஐம்பதுக்கு நேர்ஸ் போனார். நான் இறங்கி வந்தபோது கூண்டு பூட்டியிருந்தது. காவலரின் எண்ணுக்கு அழைத்தேன். தொலைபேசி கூண்டுக்குள் மேசையில் கிடந்து அடித்தது. அதற்குப் பக்கத்தில் நீலக் கோப்பு.

என் கணவர் அழைத்தார். "இஞ்சேரும், வெளிக்கிட்டிட்டீரே?"

"கோப்பு வெளிக்கிட்டிட்டுது. நான்தான் நிக்கிறன்."

"அப்ப ராகு காலம் முடியப் போமன்."

"முடிய கந்தோரையும் பூட்டிப்போடுவாங்கள். வையுங்கோ போனை!"

பதினொன்று பத்துக்குக் கமக்காரர் போன் எடுத்தார். "எங்கை நிக்கிறியள்? என்ரை நம்பர் வந்திட்டுது."

"வந்துகொண்டிருக்கிறன்" என்றேன், கூண்டின் முன்னால் நின்றபடி. பத்து நிமிடம் கழித்து மறுபடி எடுத்தார். பின்னால் நின்ற மூன்று பேரை முன்னுக்கு விட்டுவிட்டாராம்.

பதினொன்று முப்பத்தைந்துக்குக் காவலர் கடையில் பாண் வாங்கிய பையோடு, அவசரமே இல்லாமல் ஆறுதலாக வந்தார். கோப்பை வாங்கிக்கொண்டு ஓடினேன். பஸ் உடனே வந்தது. இறங்கியும் ஓடினேன். பதினொன்று ஐம்பத்தாறு. அலுவலகக் கதவு பாதி சாத்தியிருந்தது. மற்றப் பாதி சாத்தாதபடி கமக்காரர் தோளைக் கொடுத்து நின்றார். உள்ளே இருந்த பெண் பத்திரத்தை ஸ்கான் செய்தாள். இரண்டாம் பக்கம் கோணலாக விழுந்தது. திரும்ப வைத்தாள். பதினொன்று ஐம்பத்தொன்பதுக்குப் பற்றுச்சீட்டு வெளியே வந்தது.

கமக்காரர் அதை இரண்டு தரம் வாசித்தார். "என்ன நடந்தது?"

"நேர்ஸ் பிந்திட்டா."

"அவவின்ரை பேரைச் சொல்லுங்கோ. ஒரு மனுசன்ரை வருஷத்தை விழுங்கப் பாத்தவ. நான் முறைப்பாடு குடுக்கிறன்."

பேனாவை எடுத்துவிட்டார். அந்த நேர்ஸ் எனக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. "வேண்டாம். பிழை என்ரை" என்று ராகு காலத்தையும் கூண்டையும் எனக்குத் தெரிந்த இத்தாலியனில் விளங்கப்படுத்தினேன். நான் சொல்லச் சொல்ல அது எனக்கே மடத்தனமாகக் கேட்டது.

அவர் பற்றுச்சீட்டை நாலாய் மடித்துச் சட்டைப் பையில் வைத்துப் பொத்தானைப் போட்டார்.

"வாற வருஷம் கையெழுத்தை நானே வந்து வாங்கிறன்" என்று சொல்லிவிட்டு, எனக்குக் கை தராமல் பஸ்ஸைப் பிடிக்க நடந்தார்.