கேமரா ஒத்துக்கொள்ளாத பேட்டரி

போன வாரம் தாயில்பட்டி பக்கம் ஒரு பொட்டலில் நின்றிருந்தேன். பட்டாசுக் கம்பெனிக்காரர்கள் புது அயிட்டங்களைக் கொளுத்திப் பார்க்கும் இடம். எங்கள் தெரு முத்துமாரி, பட்டாசுப் பெட்டி லேபிளுக்கு போட்டோ எடுப்பவர், கூப்பிட்டிருந்தார். வேடிக்கை பார்க்க எனக்குச் சொல்ல வேண்டுமா?

எடுக்க வேண்டியது ஒரே ஒரு புஸ்வாணம். பச்சையாகக் கிளம்பி, உச்சியில் தங்கமாக விரியுமாம். போர்மேன் அய்யாத்துரை செய்த சாம்பிள் — மொத்தமே இரண்டு. மறுநாள் காலை லேபிள் அச்சுக்குப் போகிறது. படம் இல்லையென்றால் ஆர்டர் வேறு ஆளுக்கு. முத்துமாரிக்கு இந்த சீசனின் முதல் ஆர்டர் அது.

ஃபோகஸ் எல்லாம் பழைய பேட்டரியில் பார்த்துவிட்டு, கொளுத்தும் நேரத்துக்கு முழு சார்ஜில் இருக்கும் வேறொன்றை மாட்டுவது முத்துமாரியின் வழக்கம். மாட்டினார். அய்யாத்துரை திரியைப் பற்றவைத்தார். கேமரா திரையில் ஒரு வாசகம்... 'பாதுகாப்பு கருதி இந்த பேட்டரியைப் பயன்படுத்த இயலாது.'

பாதுகாப்பாம்! சுற்றிலும் மருந்து நெடி. கண்ணெதிரே முதல் சாம்பிள் எரிந்து முடிந்தது.

வேலைக்குப் போகுமுன் எல்லாம் ஒழுங்காக இருக்கட்டுமே என்று அன்று காலைதான் கேமராவுக்கு அப்டேட் போட்டிருக்கிறார். முந்தின நாள் வரை ஓடிய பேட்டரி, வேறு கம்பெனியுடையது என்பதால் ஆகாததாகிவிட்டது. மட்டமான பேட்டரி சூடாகி வீங்கினால் பழி கேமராக் கம்பெனி தலையில்தானே விழும் — அந்த நியாயம் எனக்கும் புரிகிறது. அதற்காக, ஒழுங்காக ஓடுவதையும் சேர்த்தா தள்ளிவைப்பது? ஆத்திரமாக வந்தது.

கேமராவோடு வந்த அந்தப் பழைய ஒரிஜினல் பேட்டரியில் ஒரு கோடுதான் சார்ஜ். பட்டாசு மருந்து புழங்கும் இடம், சார்ஜர் சொருக விடமாட்டார்கள். முத்துமாரி அதையே திரும்ப மாட்டினார்.

"பதறாதீக தாயி. கேமராவ அணைச்சே வைங்க. திரி உள்ள போகவும் நான் கத்துதேன். அப்ப ஆன் பண்ணுங்க" என்றார் அய்யாத்துரை.

கத்தினார். பச்சை... தங்கம். நாலே நாலு கிளிக். கேமரா அணைந்துவிட்டது.

கார்டைக் கழற்றி லேப்டாப்பில் போட்டுப் பார்த்தோம். மூன்று மங்கல். நாலாவது பளிச்! முத்துமாரி அழுதேவிட்டார். எனக்கும் கண் கலங்கியது.

அய்யாத்துரை கேமரா தள்ளிவிட்ட அந்தப் பேட்டரியைப் புரட்டிப் பார்த்தார். "இதுலயும் கரண்டு இருக்குல்லா?"

"நெறைய இருக்கு அண்ணாச்சி. அவுக கம்பெனிது இல்லைன்னு கேமரா எடுக்க மாட்டேங்குது."

கேட்டில் வாங்கி வந்த தீப்பெட்டியை வாட்ச்மேனிடம் திருப்பிக் கொடுத்தபடி அவர் சொன்னார்: "நல்லவேள தாயி... நம்ம புஸ்வாணம் எந்தக் கம்பெனி தீப்பெட்டின்னு கேக்காது."