மூன்றாவது உதை

மலேசியாவில் தேசாரு பக்கத்துக் கடற்கரையில் இருந்த ஒரு பாறையை நான் உதைத்துத் தள்ளினேன். அதை வேறு யாரும் படமெடுக்கக் கூடாது என்பதுதான் காரணம். கடல் தள்ளிவிட்டது என்று எல்லாரும் நம்பினார்கள். நான் மறுக்கவில்லை.

அந்தப் பாறையைக் கண்டுபிடித்தவர் என் நண்பர். பாசிர் கூடாங்கில் ஒரு ரசாயன ஆலையில் ஷிஃப்ட் வேலை பார்ப்பவர். நான் ஓய்வு பெற்ற புவியியல் ஆசிரியர். ஜொகூர் நீரிணைக் கரையில் நின்று ஜொகூர் பாருவின் உயரமான கட்டடங்களைப் படமெடுத்த ஒரு மாலையில் பழக்கமானோம். சில மாதம் கழித்து அவரே என்னை அங்கே கூட்டிப்போனார்.

மணிக்கட்டு அளவே பருமனான கழுத்து. அதன்மேல் தாம்பாளம் போல் அகன்ற மணற்கல். நல்ல படம் கிடைக்க, அந்தக் கழுத்தை ஒட்டிச் சூரியன் எழ வேண்டும், அதே நேரம் கடல் வற்றி அடிப்பாறை தெரிய வேண்டும். வருடத்தில் ஓரிரு காலைகள்தான் அப்படி அமையும். அது அவருக்கு ஓய்வு நாளாகவும் இருக்க வேண்டும். மாதம் பிறந்ததும் தன் ஷிஃப்ட் அட்டவணையைப் படமெடுத்து எனக்கு அனுப்புவார். கடல் வற்றும் நேரங்களோடு ஒப்பிட்டு நாள் சொல்வது என் வேலை.

இரண்டு வருடம் எதுவும் பொருந்தவில்லை. பிறகு ஒரு சனியும் ஞாயிறும் பொருந்தின. சனிக்கிழமை அவருக்கு வேலை. ஞாயிற்றுக்கிழமை போகலாம் என்று சொல்லிவிட்டு, சனிக்கிழமை நான் தனியாகப் போனேன். அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. படம் கிடைத்தது. நாளை அவருக்கும் இதே படம் கிடைக்கும் என்று நினைத்தபோது காலைத் தூக்கினேன்.

மறுநாள் வானம் இன்னும் தெளிவாக இருந்தது.

"அலமாக்! சார், கல்லு எங்க சார்?"

"அலை அடிச்சிருக்கும்," என்றேன். முந்தின நாள் எடுத்ததைக் காட்டினேன்.

வெகுநேரம் பார்த்தார். "நல்ல வேளை நேத்து நீங்க வந்தீங்க. இல்லன்னா அதுக்கு ஒரு நல்ல போட்டோகூட இருந்திருக்காது லா."

புகைப்படச் சங்கத்துப் போட்டியில் அதற்கு முதல் பரிசு கிடைத்தது. அவர் ஒரு பிரதி கேட்டு வாங்கிச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினார்.

"கல்யாண போட்டோவ கழட்டிட்டு கல்ல மாட்டியிருக்காரு பாருங்க சார்," என்றார் அவர் மனைவி.

"கல்லு சண்டை போடாதுல்ல!" என்று அவர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

நான்கு வருடம் கழித்து, போன வருடம், அந்தப் படத்தின் கீழே உட்கார்ந்து அவரிடம் உண்மையைச் சொன்னேன். தொலைக்காட்சியை அணைத்தார்.

"ஒதைச்சதும் விழுந்துருச்சா சார்?"

"இல்ல. மூணாவது ஒதையிலதான்."

"ரெண்டோட நிறுத்தியிருக்கலாமே."

அவர் மனைவி கொண்டுவந்த தேநீரை நான் குடிக்காமல் எழுந்தேன்.

பரிசைத் திருப்பித் தருகிறேன், உண்மையை உறுப்பினர்களுக்குச் சொல்லுங்கள் என்று சங்கச் செயலாளருக்கு எழுதினேன். அவர் தொலைபேசியில் கூப்பிட்டார். "பழசையெல்லாம் ஏன் சார் கிளறுறீங்க? சங்கத்துக் காலண்டர் வேற உங்க படத்தோட அச்சுக்குப் போயிருச்சு." அந்தக் காலண்டர் தபாலில் வந்தது. ஜனவரி மாதத்துக்கு என் பாறை.

நண்பர் கேமராவை விற்றுவிட்டதாக அவர் மனைவி சொன்னார். ஷிஃப்ட் அட்டவணை இப்போது எனக்கு வருவதில்லை. கடல் வற்றும் நேரங்களை மட்டும் மாதாமாதம் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.