ஹமாதி தூக்கிப்போன கண்ணாடிக் கப்பல்

என் வீட்டுக்காரர் லாத்தீர் ருஃபிஸ்க் ஊரில் குதிரை வண்டி ஓட்டுகிறார். அவர் வண்டியில் ஏறினால் நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது என்று ஊரே சொல்லும். அது பொய்யும் இல்லை. எந்த வீட்டுக் கூடத்தில் பழைய கண்ணாடிப் படம் மாட்டியிருக்கிறது என்பது அவருக்கு அத்துப்படி. அந்த வீட்டு ஜன்னல் திறந்திருந்தால் குதிரையே தானாக மெதுவாகிவிடும். ஒருநாள் மீன் கூடையோடு ஏறிய ஒருத்தி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "ஏய் லாத்தீர், படம் பாக்கணும்னா இறங்கிப் போய்ப் பாத்துட்டு வா, என் மீன் நாறுது" என்று கத்தியிருக்கிறாள். இந்த மனுஷன் நிஜமாகவே இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாராம். அவள் என்னிடம் வந்து சண்டை போட்டாள்.

கண்ணாடிப் படத்தைப் பற்றி அவரிடம் வாய் கொடுத்தால் தப்ப முடியாது. கண்ணாடியின் பின்பக்கம் வரைந்து முன்பக்கம் பார்க்கிற படம் அது. காகிதத்தில் கடைசியாக வைக்கும் கருவிழியை இங்கே முதலில் வைக்க வேண்டும். அதன் மேல் முகம், எல்லாவற்றுக்கும் மேல் வானம். "வானம் பூசுன பிறகு ஐயோன்னா ஐயோதான். போட்ட கோடு போட்டதுதான், யாந்தே. அந்தக் காலத்து ஆளுங்களுக்கு எவ்வளவு தைரியம் பாரு" என்று என்னிடம் சொல்வார். தைரியத்தைப் பற்றி இவர் பேசுவது எனக்குச் சிரிப்பாக இருக்கும். பல்லியைக் கண்டாலே ஒதுங்கிப் போகிறவர் இவர்.

எங்கள் வீட்டில் இருந்தது ஒரே ஒரு படம்தான். பெருவெள்ளத்தில் மிதந்த நூஹ் நபியின் கப்பல். வரைந்தவர் எங்கள் ஊர்க்காரராகத்தான் இருக்க வேண்டும். கப்பலின் மூக்கு நம் மீனவர் படகைப் போல நிமிர்ந்திருக்கும், பக்கவாட்டில் சிவப்பும் மஞ்சளுமாகக் கட்டம் போட்டிருக்கும். மேல் தட்டில் ஒட்டகச்சிவிங்கிகள் கழுத்தைப் பின்னிக்கொண்டு நிற்கும். கீழே பாதிப் படத்துக்குக் கடல், ஒவ்வொரு அலையும் ஒரு நீலம். வீடு மாறிப் போன ஒரு குடும்பம், படம் இருந்த இடத்தில் டிவி மாட்டப் போகிறோம் என்று சொல்லி இவரிடம் கொடுத்துவிட்டது. குதிரையை அதன் போக்கில் விட்டுவிட்டு, படத்தை மார்போடு அணைத்தபடி வீடு வந்து சேர்ந்தார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் நிம்மதி போயிற்று. பின்பக்கப் பூச்சு பழசு. மழைக்காலத்தில் ஈரம் ஏறினால் உரியும். காலையில் எழுந்ததும் முதல் வேலை அதைப் பார்ப்பதுதான். "பெத்த பொண்ணுக்குக் காய்ச்சல் வந்தப்பகூட இத்தனை தடவை நீங்க தொட்டுப் பாக்கல" என்று நான் ஏசுவேன். அவருக்குக் காதில் விழாது.

எங்கள் மகள் திபோரைப் பெண் கேட்டுத் தியெஸ்ஸிலிருந்து வந்தார்கள். பெண் கேட்கிற முறைப்படி கோலாக் கொட்டை கொண்டுவந்து, சோறு தின்று, மூன்று சுற்றுத் தேநீரும் குடித்து, எல்லாம் நல்லபடியாகத்தான் நடந்தது. மாப்பிள்ளையின் சித்தப்பா ஹமாதி துக்குலோர் இனத்தார். நாங்கள் செரேர். பரம்பரை விளையாட்டு முறைப்படி இந்த இரண்டு கூட்டமும் ஒருவரை ஒருவர் அடிமை என்றுகூட ஏசலாம், வீடு புகுந்து எதையும் தூக்கிப் போகலாம். கோபப்படக் கூடாது, அவ்வளவுதான். கோபப்பட்டால் உறவு அறும், பிள்ளைகளுக்கு ஆகாது.

கிளம்பும்போது ஹமாதி சுவரில் இருந்த கப்பல் படத்தைப் பார்த்தார்.

"இது யாருதுடா?"

"என்னுது" என்றார் இவர்.

"உன்னுதா? அடிமைக்கு ஏதுடா சொத்து? நீயே என்னுது. அப்ப இதுவும் என்னுது."

கூடமே சிரித்தது. இவரும் சிரித்தார். ஹமாதி படத்தைக் கழற்றி, சந்தைக்குப் போகிற கோழியைப் போலக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வண்டி ஏறினார். வண்டி திரும்பும்வரை இவர் சிரித்துக்கொண்டே நின்றார். உள்ளே வந்ததும் சுவரில் இருந்த வெறும் ஆணியைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டார்.

இப்படித் தூக்கிப் போனால் அடுத்த நாளே பின்னாடி போக வேண்டும். வாசலில் நின்று வாய்க்கு வந்தபடி ஏசிவிட்டு, நம் பொருளைப் பிடுங்கிக்கொண்டு, கூட ஒரு ஆட்டையும் ஓட்டி வந்தால் ஊர் மெச்சும். இவர் போகவில்லை.

"போனா என்னால சிரிக்க முடியாது, யாந்தே. என் மூஞ்சி காட்டிக் குடுத்துடும். அப்புறம் திபோர் கல்யாணம்?"

"அப்ப விட்டுத் தொலைங்க."

"எங்க மாட்டியிருப்பான்? வெயில்ல மாட்டியிருப்பானோ? அவன் வீட்டுல ஈரத்துணி வெச்சுத் துடைச்சா?"

அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. ஓட்டில் சொட்டுச் சத்தம் கேட்டால் சோற்றில் வைத்த கை நின்றுவிடும். வண்டியில் போகும்போது எந்த ஜன்னலையும் எட்டிப் பார்ப்பதில்லை. சவாரியெல்லாம் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. "உன் புருஷனுக்கு உடம்பு சரியில்லையா?" என்று சந்தையில் கேட்டார்கள். அதைக் கேட்டதும் எனக்கே பயம் வந்துவிட்டது. கல்யாண நாள் குறிக்கிற சாக்கில் அவரை இழுத்துக்கொண்டு தியெஸ்ஸுக்குக் கிளம்பினேன். வழியெல்லாம் அவர் சிரித்துப் பழகினார். பார்க்கச் சகிக்கவில்லை.

கதவைத் திறந்த ஹமாதிக்குக் கண் குழிந்திருந்தது. வாசலிலேயே வசவு வரும் என்று காத்திருந்தோம்.

"வாங்க, உட்காருங்க" என்றார் அவர்.

துக்குலோர்க்காரன் செரேருக்கு மரியாதை கொடுத்து நான் பார்த்ததில்லை. ஏதோ ஆகிவிட்டது என்று அப்போதே தெரிந்துவிட்டது.

"ஏன் வரல நீங்க?" என்று ஹமாதி தழுதழுத்தார். "மறுநாளே வருவீங்கன்னு ஆட்டைக்கூடக் கட்டி வெச்சிருந்தேன். எனக்கு எதுக்குப் படம்? வீடெல்லாம் பிள்ளைங்க, ஆடுங்க. மாட்டவும் பயம், கீழ வைக்கவும் பயம். நானா கொண்டுவந்து குடுத்தா விளையாட்டு முறை கெட்டுடும்."

படுக்கையறைக்கு அழைத்துப் போனார். கட்டில் மேல் இரண்டு மெத்தை, நடுவே படம், சுற்றிலும் துணி. புருஷனும் பெண்டாட்டியும் இத்தனை நாளும் தரையில் பாய் விரித்துப் படுத்திருக்கிறார்கள். ஹமாதி துணியை விலக்கினார். ஈரத்தில் பூச்சு துணியோடு ஒட்டிப் பெயர்ந்திருந்தது. கப்பல் இருந்தது. ஒட்டகச்சிவிங்கிகள் இருந்தன. கடலைக் காணோம். உதிர்ந்த நீலத்தையெல்லாம் கூட்டி ஒரு கிண்ணத்தில் போட்டு வைத்திருந்தார்.

"தாராளமா கோவிச்சுக்குங்க லாத்தீர்" என்றார்.

இவர் படத்தை ஜன்னல் வெளிச்சத்துக்கு உயர்த்திப் பிடித்தார். கப்பலுக்கு அடியில் ஹமாதி வீட்டு முற்றம் தெரிந்தது, மழையில் நனைகிற ஆடு தெரிந்தது. வெகுநேரம் பார்த்தார். பிறகு தணிந்த குரலில் சொன்னார்:

"பரவாயில்லைங்க."

முடிந்தது என்று நினைத்தேன். ஏசாமல் விட்டால் உறவை அறுத்துவிட்டதாக அர்த்தம். ஹமாதி சுவரைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டார். அவர் மனைவி என் கையைப் பிடித்தாள். என் மகளுக்கு என்ன சொல்லப் போகிறேன் என்று எனக்குத் தெரியவில்லை.

இவர் அவரைப் பார்த்தார். கண்ணிலிருந்து நீர் வழிந்து தாடியில் இறங்கியது. துடைத்துக்கொள்ளக் கை இல்லை; இரண்டு கையிலும் படம். உதடு கோணிக்கொண்டு போயிற்று.

"டேய்" என்றார். "டேய் அடிமை. நூஹ் நபிக்கு அந்தத் தண்ணி வடிய எத்தனை மாசமாச்சோ தெரியல. நீ மெத்தை போட்டே வத்த வெச்சுட்டியேடா, பாவி."

ஹமாதி நிமிர்ந்து பார்த்தார். முதலில் விசும்பல் மாதிரித்தான் வந்தது, அப்புறம் சிரிப்பு.

"உன் கப்பல்தான் ஒழுகுதுடா, அடிமை! செரேரு ஓட்டுனா அப்படித்தான்!"

"ஆட்டை அவுத்து விடுடா!"

"ரெண்டு ஆடா ஓட்டிக்கிட்டுப் போடா!"

இரண்டு பேரும் அழுதுகொண்டே கத்திய கத்தலில், சாவு விழுந்துவிட்டதோ என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடி வந்தார்கள். நான் ஹமாதியின் மனைவியைத் தேடினேன். அவள் படுக்கையறைத் தரையில் குனிந்து அந்தப் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.