கேமராவுக்கு ஆகாத கால்

என் மனைவியின் காலைப் பற்றிக் கூட்டம் போட்டுப் பேசினார்கள். கோயில் அலுவலகத்தில், மின்விசிறிக்குக் கீழே, டீயும் பிஸ்கெட்டும் வைத்துக்கொண்டு பேசினார்கள். சர்ச் காரியங்களைக் கவனிக்கிற பங்குப் பேரவையில் நானும் ஓர் உறுப்பினன். என்னை எதிரில் உட்கார வைத்துக்கொண்டேதான் பேசினார்கள். இன்றைக்கும் அதை நினைத்தால் சாப்பிடுகிற சோறு இறங்குவதில்லை.

நான் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். நாலாம் வகுப்பைத் தாண்டாதவன். பெங்களூர் பீன்யாவில் ஒரு லேத் பட்டறையில் இரும்புச் சுருளைக் கூட்டி அள்ளுகிற வேலைக்குச் சேர்ந்தவன். இன்று அதே பீன்யாவில் எனக்குச் சொந்தப் பட்டறை இருக்கிறது. டிப்ளமோ முடித்த பிள்ளைகள் என்னிடம் சம்பளம் வாங்குகிறார்கள். ஜீவனஹள்ளியில் மாடி வீடு கட்டினேன், யார் தயவும் இல்லாமல். எங்கள் கோயிலின் பெரிய கேட், ஜன்னல் கிரில், மணி தொங்குகிற சட்டம், எல்லாம் நான் செய்து போட்டவை. ஒரு பைசா வாங்கவில்லை. பெருமை அடித்துக்கொள்கிறான் என்பீர்கள். அடித்துக்கொள்ளத்தான் செய்வேன். செய்திருக்கிறேன், சொல்கிறேன்.

ஆனால் நான் கொடுத்தது இரும்பு மட்டும்தான். அவள் தன் உடம்பையே கொடுத்தாள்.

கல்யாணமாகி இந்தத் தெருவுக்கு வந்த நாளிலிருந்து கோயில் பீடத் துணிகளைத் துவைப்பது அவள்தான். துவைத்து, கஞ்சி போட்டு, மடிப்புக் கலையாமல் கொண்டுபோய் அடுக்குவாள். சனிக்கிழமை கோயில் தரையைக் கழுவிவிடுவாள். என் அம்மா படுக்கையில் கிடந்த காலம் முழுக்கப் பார்த்துக்கொண்டது அவள். செத்துப்போன என் தம்பியின் இரண்டு பெண்களையும் வளர்த்துக் கட்டிக்கொடுத்தது அவள். சிவாஜிநகர் பக்கம் ஆஸ்பத்திரியில் எங்கள் தெரு ஆள் யாராவது கிடந்தால், பஸ் பிடித்துச் சோறு கொண்டுபோவாள். தெருவில் ஒரு பொம்பளை செத்தால், அந்த வீட்டில் எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் சரி, குளிப்பாட்டி உடுத்த அவளைத்தான் கூப்பிடுவார்கள்.

எல்லாமே தண்ணீரில் நிற்கிற வேலை. கோயிலுக்குள் செருப்புப் போடமாட்டாள். அதனால் குதிகால் இரண்டும் பாளம் பாளமாக வெடித்திருக்கும். வலது பெருவிரல் நகம் கறுத்துக் கோணலாக இருக்கும். தரை கழுவும்போது பெஞ்சு சாய்ந்து விழுந்து நசுங்கியது. கோயில் பெஞ்சு.

புனித வியாழன் மாலைப் பூசையில், ஆண்டவர் தம் சீடர்களுக்குச் செய்ததுபோல, சாமியார் பன்னிரண்டு பேருடைய பாதத்தைக் கழுவித் துடைத்து முத்தமிடுவார். எங்கள் கோயிலில் எப்போதும் ஆண்கள்தான் உட்காருவோம். நானே பல வருஷம் உட்கார்ந்திருக்கிறேன். புதிதாக வந்த ஃபாதர் இந்தத் தடவை பெண்களும் உட்காரட்டும் என்றார். தெருவாரியாகக் கூடி ஜெபிக்கிற அன்பியம் ஒவ்வொன்றும் ஒரு பெயர் கொடுக்க வேண்டும். எங்கள் அன்பியத்துப் பெண்கள் யோசிக்கவே இல்லை, இவள் பெயரைக் கொடுத்துவிட்டார்கள்.

எனக்கு இது வேண்டும் என்று அவள் வாயைத் திறந்து சொல்லி நான் கேட்டதில்லை. அன்றைக்கு ராத்திரி பாத்திரம் கழுவிக்கொண்டே, "இன்னாங்க, வெள்ளைப் புடவை கட்டட்டா, இல்ல அந்த நீலம் கட்டட்டா?" என்றாள். மறுநாளிலிருந்து டப்பில் வெந்நீரும் உப்பும் போட்டுக் காலை ஊறவைக்க ஆரம்பித்தாள். மருந்துக் கடையில் களிம்பு வாங்கித் தடவினாள். ஆசைப்பட்டாள் என்பதற்கு வேறென்ன அத்தாட்சி வேண்டும்?

பிறகுதான் அந்தக் கூட்டம். பேரவைச் செயலாளர் ஐ.டி. கம்பெனியில் பெரிய வேலையில் இருப்பவர், என் மகன் வயது. கொரோனா காலத்தில் பூசையை நேரலையில் காட்ட ஏற்பாடு செய்தவர் அவர். நல்ல காரியம், இல்லை என்று சொல்லமாட்டேன். அவர் லேப்டாப்பைத் திறந்து பெயர்களைப் படித்துக்கொண்டே வந்து, எங்கள் தெருப் பெயரில் நிறுத்தினார்.

"அங்கிள், தப்பா நினைக்காதீங்க. இந்த வருஷம் ரெண்டு கேமரா. ஒண்ணு க்ளோஸ்-அப். துபாய், லண்டன்ல இருந்தெல்லாம் பாக்கிறாங்க. ஆண்ட்டிக்குப் பதிலா உங்க மருமகள் உக்காந்தா..."

"ஏன், ஆண்ட்டிக்கு இன்னா?"

"கால் கொஞ்சம்... ப்ரெசென்டபிளா இருந்தா நல்லா இருக்கும். ஸ்வல்ப, கொஞ்சமே கொஞ்சம், அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க அங்கிள்."

பக்கத்தில் இருந்த ஒருவர் மெதுவாக, "ஃபாதர் முத்தம் வேற குடுக்கணும் இல்ல" என்றார். இரண்டு பேர் சிரித்தார்கள்.

நான் எழுந்துவிட்டேன். "சார், அந்த நகத்தை நசுக்கினது உங்க கோயில் பெஞ்சு. அந்த வெடிப்பு உங்க தரையைக் கழுவி வந்தது. ஆண்டவர் கழுவின பேதுருவோட கால் ப்ரெசென்டபிளா இருந்துச்சா? மீன் புடிக்கிறவன் கால் இன்னா, பியூட்டி பார்லர் போய்ட்டு வந்த காலா?"

"அங்கிள், எமோஷனல் ஆவாதீங்க."

"ஆவேன். நான் போட்ட கேட்டை நாளைக்கே கழட்டிக்கினு போறேன், பாக்கறியா?"

"கழட்டுங்க அங்கிள், நாங்க ஆட்டோமேட்டிக் கேட் போட்டுக்கறோம்" என்றார் அவர். மறுபடியும் சிரிப்பு.

அதுவரை பேசாமல் இருந்த ஃபாதர் கையைத் தூக்கினார். "ஐயா, உக்காருங்க. அம்மா பேரை எடுக்க வேணாம். பன்னண்டாவது நாற்காலி தூணுக்குப் பக்கத்துல வருது. அங்க கேமரா எட்டாது. அங்க உக்காரட்டும். எல்லாருக்கும் திருப்தி."

எல்லாருக்கும் திருப்தியாம். நான் கதவை அறைந்துவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வருவதற்குள் அவளுக்குச் சேதி வந்துவிட்டது. எங்கள் தெருவில் செய்திக்கு நேரலை தேவையில்லை. "ஏன் அங்க போய் கத்தினீங்க?" என்றாள். "கடைசி நாற்காலின்னா இன்னா, அதுவும் நாற்காலிதான். கேமராவுக்கா காட்டப் போறேன் காலை?"

"மானம் இல்லையா உனக்கு? போகாத."

"நான் போவேன்" என்றாள். அவள் அப்படிச் சொன்னால் அதற்கு மேல் பேச்சு கிடையாது.

புனித வியாழன் அன்று நீலப் புடவை கட்டிக்கொண்டு போய்த் தூணோரம் உட்கார்ந்தாள். அவளைப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே நான் பக்கவாட்டு வாசலில் நின்றேன். ஃபாதர் முதல் நாற்காலியிலிருந்து ஆரம்பித்தார். தண்ணீர் ஊற்றி, துண்டால் ஒற்றி, குனிந்து முத்தமிட்டு, அடுத்தவர். செயலாளரும் உட்கார்ந்திருந்தார், அவர் கால் பளபளவென்று இருந்தது. கேமராக்காரப் பையன் அதை நெருங்கிப் பிடித்தான்.

கடைசியில் அவளிடம் வந்தார். தண்ணீர் ஊற்றினார். ஒற்றினார். குனிந்தார். பதினொரு பேரிடம் முழுதாகக் குனிந்த தலை இவளிடம் பாதி வழியில் நின்றது. காலைப் பார்த்தார். அப்படியே நிமிர்ந்து எழுந்து பீடத்துக்குப் போய்விட்டார். முத்தம் கொடுக்கவில்லை. கேமரா எட்டாத இடம் பாருங்கள், யாருக்குத் தெரியப்போகிறது. அவளுக்குத் தெரிந்தது. எனக்குத் தெரிந்தது. அவள் காலை மெதுவாக இழுத்துப் புடவைக்குள் வைத்துக்கொண்டாள்.

பூசை முடிந்ததும் அங்கேயே கத்திவிடுவது என்று வந்தேன். எனக்கு முன்னால் செயலாளர் அவளிடம் வந்துவிட்டார், சிரித்த முகத்தோடு.

"ஆண்ட்டி, சூப்பரா போச்சு. துண்டெல்லாம் பக்கெட்ல போட்டிருக்கு. ஈஸ்டருக்குள்ள துவைச்சுக் குடுத்துடுவீங்க இல்ல?"

எனக்கு வாய் வரைக்கும் வந்துவிட்டது. அதற்குள் அவள், "இல்ல தம்பி, ஆவாது" என்றாள்.

"உடம்பு சரியில்லையா ஆண்ட்டி?"

"உடம்பு நல்லாத்தான் இருக்குது. வேற யாரையாவது பாத்துக்கோங்க."

அவர் பக்கெட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பிறகு உதவிக்கு ஆள் தேடுவதுபோல என்னைப் பார்த்தார். என் வாழ்நாளில் நான் பேசாமல் நின்ற சில இடங்களில் அதுவும் ஒன்று. அவள் வெளியே போய் வாசலில் கிடந்த செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தாள்.

வழியெல்லாம் நான்தான் பேசிக்கொண்டே வந்தேன். பிஷப்புக்கு மனு போடுகிறேன், பேரவையிலிருந்து ராஜினாமா செய்கிறேன், ஃபாதரை நேருக்கு நேர் கேட்கிறேன் என்று. அவள் முன்னால் போய்க்கொண்டிருந்தாள். தெரு திரும்புகிற இடத்தில் நின்றாள்.

"அன்னிக்கு ஏன் கத்தினீங்கன்னு கேட்டேன் இல்ல?" என்றாள். "இன்னும் கொஞ்சம் கத்தியிருக்கணும் நீங்க."